பூட்டியாச்சா

தம்பி முதலில் பாய்லரை உதைத்தான். அப்புறம்தான் அழுதான்.

உதைத்த வேகத்தில் பாய்லர் கொட்டகையின் தகரச் சுவரில் மோதி உருண்டது. மூடி கழன்று ஓடிவந்து மூத்தவளின் காலடியில் சுற்றிச் சுற்றி அடங்கியது. அவள் குனிந்து எடுக்கவில்லை. முன்னறையில் அப்பா குளிர்பெட்டிக்குள் கிடக்கிறார், வாசலில் நாற்காலி இறக்கிக்கொண்டிருக்கிறார்கள், இங்கே இவன் பாய்லரோடு சண்டை போடுகிறான். இந்த வீட்டில் யாருக்கு எப்போது கை நீளும், எப்போது கால் நீளும் என்று அவளுக்குச் சின்ன வயதிலேயே ஒரு கணக்கு உண்டு. கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய் இத்தனை வருஷம் ஆகியும் அது மறக்கவில்லை.

அது நூறு பேருக்குக் காபி போடுகிற பெரிய பாய்லர். இடுப்பில் ஒரு பள்ளம் இருந்தது. அது இப்போது உதைத்ததில் விழுந்த பள்ளம் இல்லை. போன வாரம் ஒரு மண்டபத்தில் அப்பா இதைத் தூக்கியபோது மூடி பிய்த்துக்கொண்டு, கொதிக்கிற காபி முகத்திலிருந்து தொடைவரை கொட்டி, அவரும் பாய்லருமாகச் சேர்ந்து விழுந்ததில் உண்டானது. அப்பா சில நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு நேற்று செத்துப்போனார். பாய்லருக்கு ஒன்றும் ஆகவில்லை.

கூட்டங்களுக்குக் காபி போட்டுக் கொடுப்பதுதான் அப்பாவின் தொழில். ஊரில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, பாய்லர்காரர் என்றால்தான் தெரியும். கொட்டகையில் மூன்று பாய்லர்கள். பெரியவன், நடுவன், சின்னவன் என்று அப்பா பெயர் வைத்திருந்தார். பெற்ற பிள்ளைகளைவிட அவற்றை அவர் பதமாகத் தூக்குவார், பதமாக இறக்குவார். யாராவது போனில் பாய்லர் வேண்டும் என்று கேட்டால், எத்தனை பேர் என்று முதலில் கேட்கமாட்டார். "கல்யாணமா, மீட்டிங்கா, சாவா?" என்றுதான் கேட்பார். கல்யாணத்துக்கு வருகிறவன் சாப்பாட்டை நினைத்துக்கொண்டு காபியைப் பாதியில் வைத்துவிடுவான், நடுவன் தாங்கும். மீட்டிங்கில் பேச்சு நீள நீள டம்ளரும் நீளும். சாவு வீட்டில் முதலில் எல்லோரும் வேண்டாம் என்பார்கள். யாராவது ஒருத்தர் வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டால் போதும், அப்புறம் அத்தனை பேருக்கும் தொண்டை காய்ந்துவிடும், அழுது முடித்தவர்களுக்கு இரண்டாவது தடவையும் வேண்டும். "சாவுன்னா யோசிக்கவே கூடாது, பெரியவனத் தூக்கிரணும்" என்பார்.

"சின்னவன்ல போட்டுக்கலாம்" என்றான் தம்பி, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "தீரத் தீரப் போட்டுக்கலாம்."

"கூட்டம் காத்துக்கிட்டு நிக்கும்டா. ஊரே வரும்" என்றாள் மூத்தவள்.

"நிக்கட்டும். நடுவன் இருந்திருந்தா இந்தப் பேச்சே இல்ல."

நடுவன் இல்லாமல் போனதற்கும் இவன்தான் காரணம். போன மாதம் தண்ணீர் வற்றியதைப் பார்க்காமல் ஓடவிட்டு அடியில் இருக்கிற ஹீட்டர் காயில் கருகிப்போயிற்று. பெண் பார்த்துக்கொண்டிருக்கிற வயதில் இருக்கிறவனை அப்பா தெருவில் வைத்து பெல்ட்டால் விளாசினார். முதுகில் இன்னும் தழும்பு மறையவில்லை. அந்த முதுகை வைத்துக்கொண்டு, அந்த அப்பாவுக்காக இவன் இப்படித் தேம்பித் தேம்பி அழுகிறான். மூத்தவளுக்கு எரிச்சலாக வந்தது. பாவமாகவும் இருந்தது.

"அப்பாவக் கொன்னதுல காபி போட்டு ஊருக்கெல்லாம் ஊத்துவீங்களா? வெக்கமா இல்ல?"

"பெரியவன எடு."

கொட்டகை வாசலில் அம்மா நின்றிருந்தாள். மேலுதட்டில் தையல். இடது கன்னம் மஞ்சளும் ஊதாவுமாக வீங்கி, அந்தப் பக்கத்துக் கண் பாதிதான் திறந்தது. அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கே அங்கேதான் தையலும் போட்டார்கள். எப்படி ஆச்சு என்று நர்ஸ் கேட்டதற்கு, வழுக்கி விழுந்துட்டேன் என்றாளாம். அதற்கப்புறம் அம்மா ஒன்றிரண்டு வார்த்தைக்கு மேல் பேசியதை மூத்தவள் கேட்கவில்லை.

"கழுவி எடு. பெரியவன்தான் தாங்கும்" என்றாள் மறுபடி, உதட்டை அசைக்காமல்.

தம்பி எழுந்தான். "நீ பேசாத. நீ பேசவே கூடாது. பூட்டியாச்சுன்னு சொன்னது நீதானே? சொல்லு. நீதானே?"

அம்மா அவனைப் பார்த்தாள். அவன் அவள் மேல் பாய, மூத்தவள் குறுக்கே விழுந்தாள். அவன் தள்ளிய தள்ளில் அவள் டம்ளர் அடுக்கிய பலகையில் போய் மோதினாள். கண்ணாடி டம்ளர்கள் சரிந்து அவளைச் சுற்றி நொறுங்கின. முழங்கையில் கிழித்து ரத்தம் வந்தது.

"அக்கா, நீ ஊர்லேந்து வந்த, பார்த்துட்டுப் போயிரு. நடுவுல வராத" என்றான். குரல் அப்படியே அப்பாவுடையது. "சாயங்காலம் அப்பாவ எடுத்துட்டுப் போக வண்டி வரும். அதுக்குள்ள எல்லாரும் வந்திருவாங்க. எல்லார் முன்னாடியும், அப்பா பெட்டி முன்னாடி இவள நிக்க வச்சுக் கேப்பேன். இவ வாயாலயே சொல்லணும். சொல்லலைன்னா நான் சொல்றேன். அப்புறம் போலீஸ் கேக்கட்டும்."

உடைந்த கண்ணாடியை மிதித்துக்கொண்டே வெளியே போனான். அம்மா துடைப்பத்தை எடுத்தாள்.

*

பாய்லர் மூடியை வைத்துத் திருகினால் பூட்டிக்கொள்ளும். சரியாகப் பூட்டவில்லை என்றால், பாய்லர் கொஞ்சம் சாய்ந்தாலும் உள்ளேயிருக்கிற அத்தனையும் தூக்குகிறவன் மேல்தான். அதனால் இந்த வீட்டில் ஒரு வழக்கம். மூடுவது அம்மாவின் வேலை, தூக்குவது அப்பாவின் வேலை, அவர் இல்லாதபோது தம்பியின் வேலை. அப்பா இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு, "பூட்டியாச்சா?" என்று சத்தமாகக் கேட்பார். மேளம் அடித்தாலும் மைக்கில் யாராவது கத்தினாலும் அம்மா "பூட்டியாச்சு!" என்று திருப்பிக் கத்தவேண்டும். அந்தச் சொல் வந்தபிறகுதான் தூக்கலாம். சட்டமே அப்பா போட்டதுதான். ஆண்கள் இரண்டு பேரும் மூடியைத் தொட்டதே கிடையாது. அது பெண்பிள்ளை வேலை என்று வைத்துவிட்டார்கள்.

மூடியிலும் பாய்லர் விளிம்பிலும் ஒவ்வொரு சிவப்புப் பொட்டு உண்டு. இரண்டும் நேருக்கு நேர் வந்தால் பூட்டிவிட்டது என்று அர்த்தம். அந்தச் சிவப்பு மூத்தவளுடைய நகப்பாலிஷ். பள்ளிக்கூடத்துத் தோழி கொடுத்தது. பூசிக்கொண்டு வந்த அன்றைக்கு அப்பா அவள் கையைப் பிடித்து வேன் கதவில் வைத்துச் சாத்தினார். அப்புறம் அந்தப் பாட்டிலைத் திறந்து, வீணாக்குவானேன் என்று பாய்லர் மூடிகளிலும் விளிம்புகளிலும் பொட்டு வைத்தார். அவள் சுண்டுவிரல் இன்னும் நேராகவில்லை. போன வாரம் விழுந்ததில் விளிம்பிலிருந்த பொட்டு உரிந்துபோய்விட்டது.

ஆஸ்பத்திரியில் கடைசியாக அப்பா சொன்னதும் அந்தச் சொல்தான். கட்டிலுக்கு இந்தப் பக்கம் தம்பி, அந்தப் பக்கம் மூத்தவள். அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், உள்ளே வரவில்லை. அப்பாவுக்கு உதடும் தொண்டையும் வெந்திருந்தன. "பூட்டியாச்..." என்றார். மறுபடியும், "பூட்டியாச்..." கடைசி எழுத்தில் காற்றுதான் வந்தது. தம்பி காதில் அது 'பூட்டியாச்சு' என்று விழுந்தது. அக்கா, அவ பூட்டியாச்சுன்னு சொல்லியிருக்கா, அத நம்பித்தான் அப்பா தூக்கியிருக்கார், என்று அவன் அங்கேயே சுவரில் தலையை முட்டிக்கொண்டான். மூத்தவளுக்கு 'பூட்டியாச்சா' என்று கேட்டது. ஆனால் சத்தியம் செய்யச் சொன்னால் செய்யமாட்டாள். ஒரே ஒரு எழுத்து. ஒன்று கேள்வி, இன்னொன்று பதில். அந்த எழுத்தை வைத்துத்தான் அவன் அம்மாவைக் கொலைகாரி என்கிறான்.

அப்பா செத்தது மூத்தவளுக்கு நிம்மதியாக இருந்தது. இதை அவள் தனக்குள் மறைக்கவில்லை. வெந்த உடம்போடு அவர் கிடந்ததைப் பார்த்தபோதுகூடப் பாவம் என்று தோன்றியதே தவிர, பிழைக்கவேண்டும் என்று தோன்றவில்லை. ஆனால் அம்மா திறந்த மூடியை வைத்துக்கொண்டு பூட்டியாச்சு என்று கத்தியிருந்தால்? அதைக் கேட்கவும் பயமாக இருந்தது, கேட்காமல் சாயங்காலம்வரை இருக்கவும் முடியாது போலிருந்தது.

*

காபியை முன்னறையிலேயே போட்டிருந்தால் தூக்குகிற வேலையே இல்லை. ஆனால் அங்கே பாய்லரைத் தாங்குகிற பிளக் ஒன்றுதான், அதில் அப்பாவின் குளிர்பெட்டி ஓடுகிறது. போகும்போதும் நல்ல பிளக்கைப் பிடித்துக்கொண்டுவிட்டார். அதனால் சமையலறைக்குப் பின்னால் இருக்கிற கழுவுமிடத்து மேடையில் பெரியவனைத் தூக்கி வைத்தார்கள்.

அம்மா பாய்லரின் உள்ளே கையை விட்டுத் தேய்த்தாள். வினிகரில் ஒருதரம், சுடுதண்ணீரில் ஒருதரம். குழாயைத் திறந்துவிட்டு வருகிற தண்ணீரை முகர்ந்து பார்த்தாள், பழைய வாசனை போய்விட்டதா என்று. அப்புறம் பச்சைத்தண்ணீர், உள்ளே கோடு போட்ட இடம்வரை. நடுவில் தண்ணீர் ஏறுகிற தண்டை நிறுத்தி, அடியில் இருக்கிற குழியில் சரியாக உட்காருகிறதா என்று ஆட்டிப் பார்த்து, மேலே வடிகூடையை மாட்டினாள். பொடியைக் கொட்டி விரலால் பரப்பினாள். ஒவ்வொரு வேலையையும் எந்த அவசரமும் இல்லாமல் செய்தாள்.

"ரொம்ப மாவா இருந்தா அடைச்சுக்கும். கரகரப்பா இருக்கணும்" என்றாள்.

"அம்மா."

"ம்."

"அன்னைக்கு நீ என்ன சொன்ன?"

அம்மா பொடியை மறுபடி பரப்பினாள். "ஓரத்துல கம்மியா இருந்தா தண்ணி அந்தப் பக்கமா ஓடிரும். காபி சப்புனு ஆயிரும்."

"அம்மா, நான் உன்னக் கூட்டிட்டுப் போயிர்றேன். இன்னைக்கே. அவன் என்ன வேணா பேசிக்கட்டும். ஆனா எனக்குத் தெரியணும்."

"கையில ரத்தம். கட்டுப்போட்டுட்டு வா" என்றாள் அம்மா. அதற்குமேல் ஒன்றும் வராது என்று மூத்தவளுக்குத் தெரிந்துவிட்டது. முன்னறையிலிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் திரும்பிப் போகும்போது அம்மா மூடியைக் கையில் எடுத்திருந்தாள். அதைப் பூட்டியதை அவள் பார்க்கவில்லை.

முன்னறை நிரம்பிவிட்டது. மண்டபத்து மேனேஜர், சங்கத்து ஆட்கள், அப்பாவிடம் மகள் கல்யாணத்துக்குக் காபி வாங்கியவர்கள், மனைவி சாவுக்கு வாங்கியவர்கள். எல்லோரும் பெட்டியைச் சுற்றி நின்று, கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். பேசப்பேச அப்பா நல்லவராகிக்கொண்டே போனார்.

"இந்த மனுஷன் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லம்மா" என்றார் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், மூத்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு. "எத்தன நெருக்கடியா இருந்தாலும் சிரிச்ச மூஞ்சிதான். தங்கமான ஆளு." அவர் பிடித்திருந்த கையில்தான் அந்தச் சுண்டுவிரல் இருந்தது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை.

"அம்மா எங்க?" என்று யாரோ கேட்டார்கள். "உள்ள வேலையா இருக்காங்க" என்றாள். நல்லதுதான், அந்த முகத்தோடு அவள் இங்கே வராமல் இருப்பது, என்று அவளுக்கே ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்காகத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

தம்பி பெட்டிக்குத் தலைமாட்டில் நின்றுகொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். வேன்காரர் வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டான். அப்பாவின் பாய்லர்களைக் காலங்காலமாக ஏற்றி இறக்குகிறவர், சம்பவம் நடந்த அன்றைக்கு மண்டபத்தில் இருந்தவர்.

"அண்ணே, நீங்க பின்வாசல்ல வேன்கிட்டதானே நின்னீங்க? எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க. அம்மா என்ன சொன்னாங்க?"

பேச்செல்லாம் நின்றது. வேன்காரர் மூத்தவளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"இப்ப எதுக்குத் தம்பி அது?"

"சொல்லுங்க."

"அண்ணன் கேட்டது கேட்டுச்சு. சத்தமாத்தானே கேப்பாரு. பதில் கேக்கல."

"கேக்கலையா? இல்ல, அவங்க சொன்னது உங்க காதுல விழலையா?"

"அண்ணி கத்தினா தெரு முனைக்குக் கேக்கும் தம்பி. எனக்குத் தெரியாதா? அதோட..." குரலை இறக்கினார், ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. "அன்னைக்குக் காலையில அண்ணி வாயெல்லாம் ரத்தம். அண்ணன் கொஞ்சம் கை நீட்டுவாருன்னு உனக்கே..."

முடிக்கவில்லை. தம்பி அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து முகத்தில் ஓங்கிக் குத்தினான். வேன்காரர் நாற்காலிகளோடு சரிந்தார். இரண்டாவது குத்து மூக்கில் விழுந்தது. பெண்கள் அலறிக்கொண்டு எழுந்தார்கள். யாரோ தடுக்கப் போய், எல்லோருமாக முட்டிக்கொண்டதில் குளிர்பெட்டி ஸ்டாண்டோடு அரை அடி நகர்ந்தது. உள்ளே அப்பாவின் தலை மெல்ல ஒரு பக்கம் திரும்பியது. ஒரு கணம் அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். வேன்காரர் தரையில் உட்கார்ந்து மூக்கைப் பிடித்துக்கொண்டார். விரல்களுக்கிடையில் ரத்தம் ஒழுகியது.

"செத்தவரப் பத்தி இப்படிப் பேசலாமாய்யா" என்றார் தலைமையாசிரியர், அடிபட்டவரைப் பார்த்து.

மூத்தவள் திரும்பிப் பார்த்தால் தம்பியைக் காணோம். கழுவுமிடத்துக்கு ஓடினாள்.

*

அவன் அம்மாவின் தலைமுடியைப் பிடித்திருந்தான்.

அவளைச் சுவரோடு சேர்த்து வைத்து, மறு கையை ஓங்கியிருந்தான். வேன்காரரின் ரத்தம் அந்தக் கை முட்டியில் இருந்தது. அம்மா கையைத் தூக்கித் தடுக்கவில்லை. இத்தனை வருஷப் பழக்கத்தில் அவள் கண்ணை மட்டும் மூடிக்கொண்டு காத்திருந்தாள். மூத்தவள் ஓங்கிய கையில் தொங்கினாள். அவன் உதறினான், அவள் விடவில்லை. முழங்கையில் போட்டிருந்த கட்டைப் பிய்த்துக்கொண்டு மறுபடி ரத்தம் வந்தது. அவள் அந்தக் கையைக் கடித்தாள். பல் பதிகிற அளவுக்குக் கடித்தாள்.

"விடுடி!"

"நீ அவள விடு! அப்பா செத்தாச்சுடா, இன்னும் யாரு அடிக்கச் சொல்றா?"

"அவ சொல்லட்டும்! வாயத் திறந்து சொல்லட்டும், விடறேன்!"

"சொல்றேன்" என்றாள் அம்மா.

இரண்டு பேரும் நின்றார்கள். அம்மா கண்ணைத் திறந்தாள். தையல் இழுக்க இழுக்க, மெதுவாகப் பேசினாள்.

"பொடி கம்மியா இருக்குன்னாரு. பெரிய கரண்டியால வாய்ல அடிச்சாரு. ரத்தம் நிக்கல. துணிய வச்சு அழுத்திக்கிட்டே பால் காய்ச்சினேன், சக்கரை எடுத்து வச்சேன், டம்ளர் அடுக்கினேன். பாய்லர் கொதிச்சு நின்னுச்சு. மூடிய வச்சேன். திருகல. தலை சுத்துச்சு, உக்காந்துட்டேன். அவரு வந்தாரு. பிடியப் பிடிச்சாரு. பூட்டியாச்சான்னு கேட்டாரு."

பாய்லர் உள்ளே முனகிக்கொண்டிருந்தது.

"நான் ஒண்ணும் சொல்லல."

"பொய்" என்றான் தம்பி. ஆனால் முடியிலிருந்து கை தளர்ந்திருந்தது.

"திரும்பிப் பார்த்திருந்தா என் மூஞ்சி தெரிஞ்சிருக்கும். பார்க்கல. தூக்கிட்டாரு."

"ஏன் சும்மா இருந்த? இல்லன்னு ஒரு வார்த்த! ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"பூட்டியாச்சுன்னு சொல்லாமத் தூக்கக்கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு?"

மூத்தவளுக்கு ஒரு கேள்வி வந்தது. இதைக் கேட்காமல் விட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, அப்ப உன்னால பேச முடிஞ்சிருக்குமா?"

அம்மா அவளை நேராகப் பார்த்தாள்.

"முடிஞ்சிருக்கும்" என்றாள்.

முன்னறையில் நாற்காலிகளை நிமிர்த்துகிற சத்தம் கேட்டது. மூத்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அம்மா மேல் கோபம் வரும் என்று பார்த்தாள், வரவில்லை.

பாய்லரில் சிவப்பு விளக்கு அணைந்து பச்சை எரிந்தது. முன்னாலிருந்து யாரோ, வேன்காரருக்காகத்தான் இருக்கும், "ஒரு வாய் சூடா ஏதாவது குடுங்கப்பா" என்று குரல் கொடுத்தார்கள். உடனே இன்னொரு குரல், "காபி ஆயிருச்சா?" அப்பா சொன்னதுபோலவே ஒருத்தர் கேட்டதும் எல்லோருக்கும் தொண்டை காய்ந்துவிட்டது.

தம்பி முகத்தைச் சட்டையில் துடைத்தான். அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரியாதபோது செய்வதற்கு ஒரே ஒரு வேலைதான் அவனுக்குப் பழக்கம். மேடைக்குப் போய் பிளக்கைப் பிடுங்கினான். துணியைச் சுற்றி இரண்டு கைப்பிடியையும் பிடித்தான். காலை அகட்டி நின்றான். முதுகு வளைந்தது. வாய் தானாகவே கேட்டது.

"பூட்டியாச்சா?"

கேட்டபிறகுதான் என்ன கேட்டோம் என்று அவனுக்கு உறைத்தது. அப்படியே நின்றான்.

அம்மா பதில் சொல்லவில்லை.

மூத்தவள் மூடியைப் பார்த்தாள். மூடியில் ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது. விளிம்பில் இருக்கவேண்டிய பொட்டு இல்லை. பூட்டியிருந்தாலும் இல்லாவிட்டாலும் அது இப்படித்தான் தெரியும். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் முகத்திலிருந்தும் ஒன்றும் தெரியவில்லை.

"அம்மா" என்றான் தம்பி. கைப்பிடியிலிருந்து கையை எடுக்காமல் கழுத்தை மட்டும் திருப்பினான். அவள் உதட்டுத் தையலை, வீங்கின கன்னத்தை, பாதி மூடின கண்ணைப் பார்த்தான். போன வாரத்திலிருந்து அந்த முகத்தை அவன் இப்போதுதான் பார்க்கிறான். "அம்மா, பூட்டியாச்சா?"

அம்மா தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுத்தாள். அவன் பக்கத்தில் வந்து நின்று, பாய்லர் குழாயைத் திறந்தாள். காபி நுரைத்துக்கொண்டு விழுந்தது. பாலும் சர்க்கரையும் விட்டு ஒரு ஆற்று ஆற்றினாள்.

"பாப்பா, எல்லாரையும் இங்க வந்து வாங்கிக்கச் சொல்லு" என்றாள். "முதல்ல வேன்காரத் தம்பிய வரச் சொல்லு."

மூத்தவள் போய்ச் சொன்னாள். எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகச் சமையலறையைத் தாண்டி வந்தார்கள். மூக்கில் துணியோடு வேன்காரர் முதலில் வாங்கிக்கொண்டார். அடுத்து தலைமையாசிரியர். கையை நீட்டியவர் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, நீட்டிய கையோடு நின்றார்.

"என்னம்மா இது? யாரு..." என்று ஆரம்பித்தவர், கேள்வியைப் பாதியில் விட்டுவிட்டார். அவருக்குப் பின்னால் நின்ற பெண்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்து, பேச்சை நிறுத்தினார்கள்.

"சூடா இருக்கு. பார்த்துப் பிடிங்க" என்றாள் அம்மா. அடுத்த டம்ளரை எடுத்தாள்.

தம்பி பாய்லருக்குப் பக்கத்திலேயே நின்றான். ஒரு கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்து மூடியின் மேல் வைத்திருந்தான். திருகிப் பார்த்தால் தெரிந்துவிடும். எந்தப் பக்கம் திருகினால் பூட்டும், எந்தப் பக்கம் திருகினால் திறக்கும் என்று அவன் கற்றுக்கொண்டதே இல்லை. ஒவ்வொருத்தராக அம்மாவின் முகத்தைப் பார்த்து, டம்ளரை வாங்கிக்கொண்டு நகர்ந்தார்கள். வரிசை முன்னறைவரை நீண்டிருந்தது. மூடி கொதித்தது. உள்ளங்கையை அதன் மேல் அழுத்தி வைத்தபடியே அவன் நின்றுகொண்டிருந்தான்.